எங்கே வைப்பது

சுன்வா கதவைத் தட்டவில்லை, நேரே உள்ளே வந்தாள்.
மழைக்கோட்டிலிருந்து சொட்டிய நீர்
என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குளம்.
"ஹானுஸின் எண்கள் போய்விட்டன."
"எந்த எண்கள்?"
"எல்லாமே."

வெஸ்ட்மன்னா நீரிணையில் பதினான்கு மீன்கூண்டுகள்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஆக்சிஜன் அளக்கும் உணரி,
ஒவ்வொன்றும் தன் போக்கில் பொய் சொல்லும்.
ஏழாவது எப்போதும் அரை கூட்டிச் சொல்லும்.
பதினொன்றாவது
குளிர் ஏற ஏறக் குறைத்துச் சொல்லும்.
ஒன்பது இரவு படகில் குந்தியிருந்து
கையால் அளந்து, ஒப்பிட்டு,
எந்தப் பொய்க்கு எவ்வளவு கழிவு என்று
ஹானுஸ் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தார்.
நிரல் சொன்ன இடத்தில்தான் வைத்தார்.
நிரலுக்குச் சொன்னவன் நான்.

நிரல் கிடக்கும் அதே அடைவில், அதன் காலடியில்.
மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை,
கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்
யோசிக்காமல் தட்டிய ஒரு வரி.
செவ்வாயன்று புதிய பதிப்பு வந்தது,
பழைய அடைவைத் துடைத்தது,
தன்னைப் பரப்பிக்கொண்டது.
அது அதன் வேலை.
குடியிருப்பவரின் சட்டையைக்
கொத்தனாரின் சாரத்தில் மாட்டச் சொன்னது நான்.

"வீட்டு அடைவில் வை," என்றார் துரோன்டூர்,
"பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, கண்ணுக்குத் தெரியாது."
சுன்வா தன் வீட்டு அடைவைத் திறந்து
மறைந்ததையெல்லாம் காட்டச் சொன்னாள்.
அறுபத்து மூன்று.
என்றோ ஒருநாள் வந்து தங்கிப்போன நிரல்கள்
கழற்றிப் போட்ட காலுறைகள்.

என் மொழியில்
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போகும், மெய் நிற்கும்.
இங்கே பெயரின் தலையில் வைத்தால்
மெய் மறையும், உயிர் மட்டும் இருந்து
நிரலை ஆட்டிவைக்கும்.
இதைச் சொன்னேன்.
காபியைக் கலக்கியபடி துரோன்டூர்
"அழகு," என்றார். "சரி, எங்கே வைப்பது?"

வீட்டுக்குள் அமைப்புகளுக்கென்றே
ஓர் அறை ஏற்கெனவே இருக்கிறது.
பலரும் ஒத்துக்கொண்ட பெயர் அதற்கு.
அதில் நமக்கு ஒரு தட்டு போதும்.
எறிந்தாலும் கேடில்லாத தற்காலிகக் குப்பை
அந்த அறைக்குள் வரவே கூடாது.
பண்ணைக்கெல்லாம் பொதுவானதைப் பொது அடைவில் தேடு,
ஆனால் ஆள் எழுதியதே மேல்.
வேறிடம் என்று ஒருவர் சொன்னால்
மறுபேச்சில்லாமல் அங்கே போ.
ஒன்றுமே சொல்லாதவர்?
அவருக்காகத்தானே மதியம் முழுக்கப் பேசினோம்,
கையுறை நனைந்து,
விரல் மரத்து,
நம் கேள்விகளுக்கு நேரமில்லாத ஒருவருக்காக.

ஹானுஸ் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
நனைந்த குறிப்பேட்டில் ஒன்பது எண்கள் தேறின.
மீதி ஐந்துக்கு நானும் படகில் ஏறினேன்,
டார்ச் பிடிக்க.
இரண்டு முறை வாந்தி எடுத்தேன்,
அவர் கண்டுகொள்ளாத மாதிரி
தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இந்தத் தடவை எங்கே போகிறது?"
பாதையைச் சொன்னேன்.
அடைவு அடைவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்து,
தீவனப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம்
மார்க்கரால் எழுதிக்கொண்டார்.

இப்போது நிரல் எழும்போது
முதல் வேலையாக ஒரு வரி சொல்கிறது,
எந்தக் கோப்பைப் படித்தேன் என்று.
பழைய இடத்தையும் ஒருதரம் எட்டிப் பார்க்கிறது.
ஏதாவது இருந்தால் பிரதி எடுத்து வருகிறது,
எதையும் அழிப்பதில்லை.
அந்தப் பகுதியை நீக்கிவிடலாமே என்று
துரோன்டூர் வருடத்துக்கொரு முறை கேட்கிறார்.
இருக்கட்டும் என்கிறேன்.

ஏழாவது உணரி
இன்றும் அரை கூட்டித்தான் சொன்னது.